மணலில் தாழ்ந்த கம்பம்

ஓகஸ்ட் 5, செவ்வாய்

தென்மேற்குக் கச்சான் காற்று. காலை ஆறு மணிக்கே வெக்கை. பல்லுக்குள் மணல், காதுக்குள் மணல், விசிலுக்குள்ளும் மணல். தட்டித் தட்டி ஊத வேண்டியிருந்தது.

பல்கலைக்கழக வளாகத்தின் வலைப்பந்தாட்டத் தரை இன்னும் கிண்டிப் போட்டபடி. மார்ச்சில் திருத்த வந்தார்கள், பழைய சீமெந்தை உடைத்தார்கள், போய்விட்டார்கள். ஒதுக்கீடு முடிந்துவிட்டதாம். உடைக்கக் காசு இருந்தது, போடக் காசு இல்லை. யாரிடம் சொல்லி அழ? அன்று முதல் என் பிள்ளைகளுக்குக் கடற்கரைதான் மைதானம். காற்றுக்கு விழாமல் கோல் கம்பத்தின் அடியில் கல்லடுக்கிப் புதைத்து வைத்திருக்கிறோம்.

ஆனாலும் பிள்ளைகள் நன்றாக வருகிறார்கள். சுமையா இன்று எறிந்ததில் இரண்டைத் தவிர மற்றதெல்லாம் வளையத்துக்குள். தோப்பூர்ப் பிள்ளை, இறுதி வருடம், எங்கள் கோல் ஷூட்டர். இப்படி ஒரு கை எனக்கு இத்தனை வருடப் பயிற்றுநர் வேலையில் கிடைத்ததில்லை. அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் தலைக்கு ஏறும்.

பிற்பகல் மீள்பரீட்சை அட்டவணை ஒட்டினார்கள். சுமையா போன முறை புள்ளிவிபரவியலில் தவறியவள். மீள்பரீட்சை 29, வெள்ளி காலை. கொழும்பில் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி தொடங்குவதும் 29, வெள்ளி காலை. கண்ணைக் கட்டிக்கொண்டா இந்த நாட்களைக் குறிக்கிறார்கள்?

பரீட்சையை விட்டால் அடுத்த வருடம்தான். கூடப் படித்தவர்கள் பட்டம் வாங்கி வேலைக்குப் போய்விடுவார்கள், இவள் ஒரு பாடத்துக்காகக் காத்திருப்பாள்.

தர்ஷினி, எங்கள் கப்டன், சாம்பல்தீவுக்காரி, வாய் கொஞ்சம் நீளம். உடனே சொன்னாள்: "மெடிக்கல் போடுவம் மிஸ். எல்லாரும் போடுறதுதானே." பொய்ச் சுகவீனச் சான்றிதழைத்தான் சொல்கிறாள். முறைத்தேன். வாயை மூடினாள். ஐந்து நிமிடத்துக்கு.

நாளை: புது விசில். பஸ் விண்ணப்பம். முழங்கால் எண்ணெய்.

ஓகஸ்ட் 7, வியாழன்

எழுதவே வெட்கமாக இருக்கிறது.

டவுனில் ஒரு பள்ளிக்கூட அணியோடு சிநேகபூர்வ ஆட்டம். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள். ரெட்டைப் பின்னல். சீமெந்துத் தரை, நல்ல கோடுகள். என் பிள்ளைகள் இறங்கினார்கள், முதல் பந்திலேயே விசில். ஸ்டெப். பந்து கையில் இருக்கக் கால் நகர்ந்த குற்றம். அடுத்த பந்து, ஸ்டெப். மணலில் கால் புதைந்து தானாகவே நிற்கும். சீமெந்தில் வழுக்கிக்கொண்டு ஓரடி போகிறது. நடுவர் அம்மாவுக்குக் கை வலித்திருக்கும்.

அதைக்கூடத் தாங்கலாம். சுமையா எறிந்ததெல்லாம் வளையத்துக்குக் கீழே. ஒன்றல்ல, இரண்டல்ல, எல்லாம். பாவம் பிள்ளை, கையைப் பார்க்கிறாள், பந்தைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள்.

திரும்பி வரும் பஸ். பின் சீட்டில் யாரோ மெதுவாக: "அந்தச் சின்னது என்னை அக்கா எண்டு கூப்பிட்டு, 'பாத்து அக்கா, வழுக்கும்' எண்டுது."

வந்த கையோடு கடற்கரைக்குப் போனேன். அளவு நாடாவோடு. கம்பத்தை அளந்தேன். திரும்பவும் அளந்தேன். பத்தடி இருக்க வேண்டிய வளையம் ஒரு சாணுக்கும் மேல் கீழே. கம்பம் மணலுக்குள் இறங்கிக்கொண்டே போயிருக்கிறது! நாங்கள் போட்ட கல்லின் பாரத்தோடு சேர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக. நாள்தோறும் பார்க்கிற கண்ணுக்கு அது தெரியவில்லை. ஐயோ, என் தலையே. பிள்ளையின் கை குள்ளக் கம்பத்துக்குப் பழகிவிட்டது.

இவர், என் வீட்டுக்காரர், துறைமுகத்தில் வேலை முடிந்து வந்ததும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "கப்பல் தாழுறதைப் பாக்கத்தான் எங்களுக்கு ஆக்கள் இருக்கினம். உங்களுக்கு ஆரும் இல்லையோ?" தோசையை மட்டும் வைத்தேன்.

ஓகஸ்ட் 8, வெள்ளி

நிதிப்பிரிவு. கதிரையில் ஒரு மணித்தியாலம். உதவி நிதியாளர் நல்ல மனிதர்தான், ஆனால் விதி என்றால் விதி.

"பத்துப் பேர் இல்லாட்டி பஸ் இல்லை, மிஸ். அண்டைக்குப் பரீட்சை உள்ள பிள்ளையின்ர பெயர் பஸ் பட்டியல்ல வரக்கூடாது."

"என்னட்ட மொத்தமே பத்துப் பேர்தான், சேர்."

"அப்ப ஒன்பது."

"ஒன்பது பேர் போனால் என்ன சேர், பஸ் குறைவா டீசல் குடிக்குமே?"

சிரித்தார். கையெழுத்து வைக்கவில்லை. போகும்போது கூப்பிட்டு இன்னொன்றும் சொன்னார். இந்த முறை போகாத அணிகளுக்கு அடுத்த வருட ஒதுக்கீடு கேள்விதானாம். நல்ல செய்தியைக் கடைசிக்கு வைத்திருக்கிறார்.

ஆக, சுமையா பரீட்சை எழுதினால் அணி இல்லை. அணி போனால் சுமையாவுக்கு ஒரு வருடம் இல்லை.

கன்ரீனில் வடை. இரண்டு. கோபத்தில் மூன்றாவதும்.

ஓகஸ்ட் 10, ஞாயிறு

தோப்பூர்! யோசனை சுமையாவுடையது. அவளுடைய வாப்பா அங்கே ஒரு அரிசி ஆலையில் லொறி ஓட்டுகிறார். ஆலைக்கு நெல் காயப்போடும் பெரிய சீமெந்துக் களம். சிறுபோக அறுவடை தொடங்கிவிட்டது, ஆனாலும் பாதிக் களம் தரலாம் என்று முதலாளி சொன்னாராம். ஒரு நிபந்தனை: மழை வந்தால் பிள்ளைகளும் சேர்ந்து நெல்லைக் கூட்டிக் குவிக்க வேண்டும். வரும்போதும் போகும்போதும் நெல்லைக் கிளறிவிட வேண்டும். ஓம் என்றேன். ஓகஸ்டில் எங்கே மழை?

கிண்ணியா வழியாகப் போனோம். ஆளுக்கு ஆள் பஸ் காசு போட்டுத்தான். கரியால் கோடு கீறினோம். அறையில் கிடந்த மற்றக் கம்பத்தைக் கொண்டுபோய் பழைய லொறி ரயருக்குள் நிறுத்தி, அளவு நாடாவால் மூன்று தரம் அளந்தேன். பத்தடி. நெல் வாசம், பக்கத்தில் ஆலைச் சத்தம், நல்ல வழுவழுப்பான தரை. மனம் குளிர்ந்தது.

பிறகு என் வாய் சும்மா இருந்ததா? சுமையாவின் வாப்பா பிளேன்டீயோடு வந்தார். மெலிந்த மனிதர், சாரம், கையில் லொறித் திறப்புக் கொத்து. நான் கதை வாக்கில், "சோதினையும் போட்டியும் ஒரே நாளில வந்திட்டுது, திரும்ப எழுதுற பாடம்தானே..." என்று இழுத்தேன்.

"திரும்ப எழுதுறா? என்னத்தத் திரும்ப?"

மகள் தவறியது அவருக்குத் தெரியாது. சுமையா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பிளேன்டீயைக் குடித்தேன், நாக்குச் சுட்டது, அதற்கு அதுதான் வேண்டும்.

மகளை ஒரு சொல் ஏசவில்லை. அதுதான் பயமாக இருந்தது. என்னிடம் மட்டும் சொன்னார்: "வந்த புள்ளயள் வெளயாடட்டும் மிஸ். நம்மட புள்ள ஓரத்துல இருந்து படிக்கட்டும். பாஸ் பண்ணினாத்தான் பந்து."

மற்றவர்கள் ஆடினார்கள். சுமையா நெல் மூட்டையில் இருந்து படித்தாள். படித்தாள் என்று சொல்ல முடியாது. புத்தகம் மடியில், கண் வளையத்தில்.

ஓகஸ்ட் 13, புதன்

கவிதா என்றொரு பிள்ளை. ஊர் கிளிவெட்டி. சுமையாவின் வகுப்பில் முதலாம் ஆள், புள்ளிவிபரவியலில் புலி. இதுவரை ஒரு பந்தைத் தொட்டதில்லை. பந்து தன் பக்கம் உருண்டு வந்தால் விலகி நிற்பாள், நாய் வந்தமாதிரி. நூலக விறாந்தையில் பிடித்துக் கேட்டேன், சுமையாவுக்குச் சொல்லிக் கொடுப்பாயா என்று.

"ஓம் மிஸ். ஆனா அவ கேக்க மாட்டா. எனக்கு விளங்காது, விளங்காது எண்டு புத்தகத்தை மூடுறா."

"நீ மூட விடாதை."

பின்னேரம் எட்டிப் பார்த்தேன். இருவரும் கடற்கரையில், பத்தடிக்குத் திரும்ப உயர்த்திய கம்பத்தடியில். கவிதா மணலில் வளையம் கீறி, சுமையா எறிந்த பந்தெல்லாம் எங்கே விழுந்தது என்று புள்ளி வைத்துக்கொண்டிருக்கிறாள். "இந்தா பார், இதுதான் சராசரி. இதுதான் விலகல். உன்ர பந்தெல்லாம் ஒரே இடத்திலதான் விழுது, அந்த இடம்தான் பிழை. கை பிழை இல்லை."

சுமையா கன நேரம் அந்தப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "அப்ப விலகல் எண்டது இதா?" என்றாள். "இத ஏன் படிப்பிச்ச சேர் இப்பிடிச் சொல்லல்ல?"

அவர்களுக்குத் தெரியாமல் திரும்பி வந்துவிட்டேன்.

ஓகஸ்ட் 17, ஞாயிறு

ஓகஸ்டில் எங்கே மழை என்று எழுதியவள் நான்தானே.

கவிதாவும் தோப்பூருக்கு வந்தாள். மூட்டையில் வகுப்பு. வாப்பா பக்கத்தில் லொறி துடைக்கிற பாவனையில். பழைய வினாத்தாளில் ஒரு கணக்கு முடிந்தது.

வாப்பா: "சரியா மகள்?"

கவிதா: "சரி மாமா."

வாப்பா: "அப்ப எழும்பு. பத்துப் பந்து எறிஞ்சிட்டு வா."

நான் வாயைப் பிளந்தேன். நானும் இத்தனை காலம் கத்திக் கத்திப் பயிற்சி கொடுக்கிறேன், இந்த முறை எனக்குத் தோன்றவில்லை. அடுத்த கணக்கு பிழை. "இரி," என்றார். இருந்தாள். அதற்கடுத்தது சரி. ஓடினாள். இப்படியே மத்தியானம் வரை. பத்தடி வளையத்துக்குக் கை மெல்ல மெல்ல ஏறுகிறது. கால் வழுக்கலும் குறைந்துவிட்டது எல்லாருக்கும்.

மூன்று மணிக்கு வானம் கறுத்தது. யாரோ ஆலைக்குள்ளிருந்து, "மழை! மழை!" என்று கத்தினார்கள். பந்தைப் போட்டுவிட்டு எல்லோரும் நெல்லில் பாய்ந்தோம். பலகையால் தள்ளுகிறவர்கள், கையால் அள்ளுகிறவர்கள், படங்கு இழுக்கிறவர்கள். தர்ஷினி கத்திக் கத்தி ஆள் பிரித்தாள், ஆட்டத்தில்கூட அவள் அப்படிக் கத்தியதில்லை. படங்கு மூடவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. நெல் நனையவில்லை. நாங்கள் நனைந்தோம். முதலாளி வீட்டிலிருந்து ஒரு சட்டி வட்டிலப்பம் வந்தது. பத்து நிமிடத்தில் சட்டி வெறுமை.

வரும் வழியெல்லாம் பாட்டு. டிரைவர் பாவம்.

ஓகஸ்ட் 19, செவ்வாய்

நல்ல நாள் இல்லை.

தர்ஷினியும் இன்னும் மூன்று பேரும் என் அறைக்கு வந்தார்கள். பஸ் பட்டியலுக்கு நாளை மறுநாள் கடைசி. "மிஸ், நீங்கள் ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ. ஒரு மெடிக்கல்தானே. டவுனில ஒரு இடத்தில காய்ச்சல் எண்டா எழுதித் தருவினமாம்."

ஏலாது என்றேன்.

"அப்ப நாங்கள் எல்லாரும் வீட்டில இருக்கிறதோ? நாங்கள் என்ன பிழை செய்தனாங்கள் மிஸ்?" தர்ஷினி அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. அவளுக்கும் இது கடைசி வருடம்.

அவர்கள் போக, சுமையா வந்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபடி: "மிஸ், நானே போடுறன். எனக்காக ஒம்பது பேரும் நிக்க ஏலா. வாப்பாட்ட நான் சொல்லிக்கிறன்."

ஒரு நிமிடம் எனக்கு ஆசை வந்தது. எழுதி வைக்கிறேன், இங்கே பொய் எழுதி யாருக்கு என்ன? அவள் வந்தால் அரையிறுதி நிச்சயம். கிண்ணத்தோடு உதவி நிதியாளருக்கு முன் போய் நிற்கிற படமும் மனதில் ஓடியது.

பிறகு சுமையாவின் வாப்பா பிளேன்டீயோடு நின்ற முகம் ஞாபகம் வந்தது.

"நீ பரீட்சை எழுதுறாய். போட்டியைப் பற்றி யோசிக்கத்தான் எனக்குச் சம்பளம். போ, போய்ப் படி."

போனாள். நான் கதவைச் சாத்திவிட்டு யோசித்தேன். ஒன்றும் வரவில்லை.

இரவு சோறு இறங்கவில்லை. இவர் கேட்டார், என்னவென்று. சொன்னேன். மீன் முள்ளை எடுத்துக்கொண்டே: "பத்தாவது ஆளுக்கு வளாகத்தில பஞ்சமே? அந்தப் பிள்ளைக்குப் படிப்பிக்கிறவள் ஆரு?"

ஏன் இவருக்கு இதெல்லாம் உடனே வருகிறது? சரியான எரிச்சல்.

ஓகஸ்ட் 20, புதன்

கவிதாவிடம் கேட்டேன். நின்ற இடத்திலேயே வெளிறிப்போனாள்.

"மிஸ், எனக்குப் பந்து பிடிக்கத் தெரியாது."

"பழக்கிறன்."

"ஓடவும் தெரியாது."

"அதுவும் பழக்கிறன்."

"எனக்கு அண்டைக்குப் பரீட்சை இல்லைத்தான்," என்றாள், ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்கிறமாதிரி. பெயருக்கு ஆள் வேண்டாம், பயிற்சிக்கு ஒவ்வொரு காலையும் வர வேண்டும் என்று சொல்லிவிட்டேன். ஏமாற்று வேலை என்று யாரும் ஒரு சொல் சொல்லக்கூடாது.

போட்டிப் பதிவு வேறு, பஸ் பட்டியல் வேறு. பதிவில் பன்னிரண்டு பேர் வரை போகலாம். அதில் சுமையாவும் இருக்கிறாள், கவிதாவையும் சேர்த்துவிட்டேன். வெள்ளிக்கிழமை இரண்டு ஆட்டத்தில் ஒன்றையாவது வென்றால் சனியும் ஆடலாம். சனிக்குச் சுமையா வந்து சேர வேண்டும். எப்படி? தனியாக இரவு பஸ்ஸில் அனுப்ப எனக்கு மனமில்லை.

வாப்பாவுக்குப் போன் எடுத்தேன். எல்லாம் சொன்னேன், மெடிக்கல் கதையும் சேர்த்து. முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"வெள்ளிக்கிழம எங்கட லொறி கொழும்புக்கு அரிசி ஏத்திப் போற. ஜும்மா முடிய டவுனால வந்து புள்ளய ஏத்துறன். நீங்க முன்னுக்குப் போங்க மிஸ்."

உதவி நிதியாளர் பட்டியலைப் பார்த்தார். "இது அந்த வகுப்பில முதலாம் பிள்ளையல்லோ? விளையாடுமோ?"

"பந்தைப் பிடிக்கும் சேர்." காலையில் எறிந்து பார்த்ததில் பிடித்தது ஒன்று. முகத்தால். அதைச் சொல்லவில்லை.

கையெழுத்து வைத்தார்!

ஓகஸ்ட் 29, வெள்ளி. கொழும்பு

பலகைத் தரை, கண்ணாடி மாதிரி. பிள்ளைகள் சப்பாத்தால் தேய்த்துப் பார்த்தார்கள். தர்ஷினி: "களம் இதைவிட வழுக்கும்." எனக்கு அந்த ஒரு சொல் போதும்.

முதல் ஆட்டம் தோல்வி. கணிசமான தோல்வி. கடைசி மூன்று நிமிடம் கவிதாவை இறக்கினேன். பந்து கைக்கு வந்தது. பிடித்துக்கொண்டு சிலை மாதிரி நின்றாள். கால் ஓர் அங்குலம் அசையவில்லை. நேரம் போய்விட்டது என்று நடுவர் விசில் ஊதும்வரை நின்றாள். வெளியே வந்து மூச்சு வாங்க, "மிஸ், ஸ்டெப் இல்லைத்தானே?" என்றாள். சிரித்துச் சிரித்து எல்லோருக்கும் தோல்வி மறந்துபோனது.

மதியம் சுமையாவின் செய்தி: "எழுதிட்டன் மிஸ். கடைசிக் கேள்வி விலகல். மணல்ல கீறினத நெனச்சு எழுதினன்." பிறகு ஒரு லொறிப் படம்.

இரண்டாவது ஆட்டம். ஷூட்டராகத் தர்ஷினி. எப்படி ஆடினார்கள் என்று எழுத வரவில்லை. முழு ஆட்டத்திலும் ஸ்டெப் விசில் இரண்டே தரம். ஒரு கோலால் வெற்றி. நான் கத்தியதில் தொண்டை போய்விட்டது. இப்போது கைப் பாஷைதான்.

ஓகஸ்ட் 30, சனி

காலை. காவலாளி ஓடி வந்தார், வாசலில் ஒரு அரிசி லொறி நிற்கிறது, உள்ளே விடச் சொல்லிச் சண்டை என்று. எல்லோரும் ஓடினோம். மூட்டை அடுக்கிய லொறி, முன் சீட்டில் சுமையா, தூக்கம் நிறைந்த கண், மடியில் சப்பாத்துப் பை. பிள்ளைகள் போட்ட கூச்சலில் காவலாளி தானாகவே விலகினார்.

வாப்பாவிடம், அரிசி இறக்கப் போகவில்லையா என்று கேட்டேன். பாதிக் குரல்தான் வந்தது எனக்கு.

"அரிசி எங்க ஓடப்போகுது மிஸ்? நம்மட புள்ள எந்தப் பக்கத்துக்கு எறியிற? நான் அங்கால போய் இரிக்கன்."

இடைவேளையில் எழுதுகிறேன். சமநிலை. சுமையாவின் கை வளையத்தைத் தேடவில்லை, அதற்குத் தெரிகிறது. வாப்பா ஒவ்வொரு கோலுக்கும் எழும்பி நிற்கிறார், பக்கத்தில் கவிதாவைப் பார்த்து, "சரியா மகள்?" என்கிறார். அவள், "சரி மாமா," என்கிறாள். விசில்.

செப்டெம்பர் 1, திங்கள்

காலிறுதி வெற்றி. அரையிறுதியில் போய்விட்டது, மூன்று கோலால். நான்காம் இடம். எங்கள் வளாகத்துக்கு வலைப்பந்தாட்டத்தில் இதற்குமுன் இடமே இருந்ததில்லை. உதவி நிதியாளர் கை கொடுத்தார். தரை எப்போது போடுவீர்கள் என்று கேட்டேன். கையை மெதுவாக எடுத்துக்கொண்டார். ஆனால் அடுத்த வருட ஒதுக்கீட்டில் பெயர் இருக்கிறது, கண்ணால் பார்த்தேன்.

பெறுபேறு வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகுமாம். அதுவரை எப்படித் தூங்க?

ஒக்டோபர் 14, செவ்வாய்

வடகீழ்ப் பருவம் தொடங்குகிறது. கடல் சாம்பல் நிறம். கடற்கரைக் கம்பத்தைக் கழற்றி அறைக்குள் வைத்தோம். துருப்பிடித்து, பாதி மணல்.

மூன்று மணிக்கு போன். தோப்பூர் இலக்கம். எடுக்கப் பயம். எடுத்தேன்.

"மிஸ், சுமையாட வாப்பா. புள்ள பாஸ்."

ஓம், ஓம் என்று மட்டும் சொன்னேன். பின்னால் சுமையா அழுவதும் சிரிப்பதும் கேட்டது. உம்மாவாக இருக்கும், யாரோ ஏசுவதும் கேட்டது.

"இன்னொண்டு மிஸ். முதலாளிட்டக் கேட்டு களத்து ஓரத்துல கம்பம் ஒண்டு நட்டிரிக்கன். குழி தோண்டி, சீமெந்து போட்டு. பத்தடி, நானே அளந்த. அடுத்த புள்ளயளக் கூட்டிட்டு வாங்க. இது தாழாது."